ரேடியம் தீர்த்தம்

துரை பங்களாவில் சமைக்கும் அப்பு செல்லசாமி ஒரு திருடன். லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்க அது தெரியும்.

துரைக்குச் சீமையிலிருந்து ஒரு ஜாடி வந்திருந்தது. உள்ளே ரேடியம் பூசியது. இரவெல்லாம் அதில் ஊறிய தண்ணீரைக் குடித்தால் கிழவனும் குதிரை ஆகிவிடுவானாம். துரை தினமும் அளந்து ஆறு டம்ளர் குடித்தார்.

அந்தத் தண்ணீரில்தான் தினம் ஒரு போத்தல், செல்லசாமி கையால் பெரிய கங்காணி வீரபத்திரன் வீட்டுக்குப் போனதாகப் பேச்சு.

கேட்டது கங்காணிதான். மரியாதையாகத்தான் கேட்டார்.

"கொண்டு வராட்டி, ஒம் பொண்டாட்டி மீனம்மா எவ்வளவு கொழுந்து எடுத்தாலும் அரைப்பேருதான் போடுவேன், அரைநாள் கூலிதான்."

ஒரு சின்னச் சங்கடம். செல்லசாமி, தாழ்ந்த சாதி என்று எங்களுக்கு ஒதுக்கிய வரிசைவீடுகளான கீழ்லயத்துக்காரன். கீழ்லயத்து ஆட்கள் தொட்ட தண்ணீரைக் கங்காணி தொட மாட்டார். மலைத்தண்ணீர் விழும் மேல்லயத்துப் பீலிக்கு முள்வேலி போட்ட புண்ணியவான் அவர்தான். அந்த வேலியில் கிழிந்த என் தாயின் சேலையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார்.

"ரேடியம்னா நெருப்புடா. தீட்டையெல்லாம் எரிச்சுப்புடும்."

சில மாதங்களில், பத்து வயது குறைந்துவிட்டதாக, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் மீசையை முறுக்கினார்.

ஒரு நாள் காலை தோட்டத்து டொக்டர் ஐயா அங்கே வந்தார்.

"சங்கதி தெரியுமோ கங்காணி? துரை ஜாடியை எறிஞ்சுபோட்டார். அதைக் குடிச்ச ஆரோ ஒருத்தருக்குத் தாடை எலும்பு உக்கி விழுந்திட்டுதாம். பேப்பரில வந்திருக்கு."

கங்காணியின் கை தாடைக்குப் போனது.

"எவ்வளவு குடிச்சா ஆபத்துங்க ஐயா? நாலு டம்ளர்னா?"

"அளவு எண்டு ஒண்டுமில்லை. ஒரு சொட்டும் கூடாது. நீர் ஏன் தாடையைத் தடவுறீர்?"

கங்காணி வீட்டுக்கு ஓடினார். செல்லசாமியைக் கூப்பிட ஆள் பறந்தது.

"அடேய், பல்லு ஆடுதுடா! கட்டிக் குடுக்க மூணு பொம்பளப் புள்ள இருக்குடா. என்னைக் கொன்னுப்புட்டியேடா!"

செல்லசாமி தலையைச் சொறிந்தான். உண்மையைச் சொன்னால் மீனம்மாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் மனிதர் பயத்திலேயே போய்விடுவார்.

பாவி, இரக்கப்பட்டுவிட்டான்.

"பயப்படாதீங்க சாமி. தொரை ஜாடியில பென்சில் கோடு போட்டு வச்சிருந்தாரு. ஒரு சொட்டு எடுக்க முடியாது. நீங்க குடிச்சதுல ரேடியமே இல்லீங்க."

"நெசமாவா? என் கொலசாமிடா நீ!" கங்காணி அவனைக் கட்டிப்பிடிக்கப் போனவர் பாதியில் நின்றார். "அப்ப அது என்னா தண்ணி?"

"எங்க கீழ்லயத்துப் பீலித் தண்ணிங்க. மீனம்மாதான் புடிச்சு வைக்கும்."

கங்காணி வாசலில் குனிந்து ஓங்கரித்தார். காறிக் காறித் துப்பினார். இத்தனை மாதத் தண்ணீர் திரும்பி வருமா? வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அந்த ஜாடி எங்கடா கெடக்கு?"

"கோழிக்கூட்டுக்குப் பின்னாலங்க. தண்ணியக்கூட இன்னும் கொட்டல."

"ஓடு. ஒரு டம்ளர் கொண்டா. உள்ள இருக்கிற தீட்டு எரியட்டும்."