ஒன்பது முறை எடுக்காத எண்

"என்னக்கா, இன்னைக்காவது உங்க ஆளு போனை எடுப்பாரா?"

மூன்று வாரத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த லேப் தம்பி கேட்டான். மணி எட்டே முக்கால். நர்ஸ் அக்கா ஜன்னலைத் திறந்தாள். கை கழுவினாள். வாசலில் இருந்த இலவச ஆணுறைப் பெட்டியை நிரப்பினாள். வேலை நேரத்தில் சொந்தப் போன் ஒலிக்கக் கூடாது என்பது விதி. இருவரும் போனை ஊமையாக்கிப் பையில் போட்டார்கள்.

பிறகு அவள் கிளினிக் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒன்பதாவது முறை.

பால்வினை நோய்களுக்கான கிளினிக் அது. ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால், அவரோடு உறவு வைத்திருந்தவரையும் பரிசோதனைக்கு அழைப்பது அவள் வேலை. அந்த எண், வேறு ஊர் கிளினிக்கிலிருந்து வந்த ஒரு சீட்டில் இருந்தது. சிபிலிஸ் என்று குறித்திருந்தது. பெயர் இல்லை, எண் மட்டும். பத்து முறையும் எடுக்காவிட்டால் சீட்டை மூடிவிட வேண்டும்.

"விடுங்கக்கா, பயந்தாங்கொள்ளி. ஒரு ஊசிக்குப் போய் இந்த ஓட்டம்!"

"ஓடலப்பா. தனக்கு ஒண்ணும் இல்லேன்னு நிம்மதியா இருக்கான். இது வெளிய தெரியாமலே உள்ள இருக்கும். ஆரம்பத்துல பிடிச்சா ஊசியோட போயிடும். விட்டா கண்ணு, மூளைன்னு கை வைக்கும். நடுவுல இன்னும் நாலு பேருக்குக் கொடுத்துட்டுப் போவான். உறை போட்டிருந்தா இந்தச் சீட்டே வந்திருக்காது."

"நானா இருந்தா யாருக்கு நோய்னு ஆளைப் பார்த்தே சொல்லிடுவேன்கா."

"கிழிச்ச! அப்புறம் உனக்கு எதுக்கு ஊசியும் டியூபும்?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே யோசித்தான்.

"அக்கா, காலங்காத்தால கூப்பிட்டா வேலைக்குப் போறவன் எப்படி எடுப்பான்? ஒரு மணிக்கு அடிங்க. சாப்பாட்டு நேரத்துல போனைத் தொடாத மனுஷன் உண்டா?"

"அது நான் சாப்பிடுற நேரமாச்சேப்பா."

"ஒரு நாள் லேட்டா சாப்பிட்டா இளைச்சிட மாட்டீங்க."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்."

அன்று பதினொரு பேருக்கு அவன் ரத்தம் எடுத்தான். ஒவ்வொருவரிடமும் ஒரு ஜோக் சொன்னான். பயந்து வந்தவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மணி ஒன்று. அறையில் வேறு யாரும் இல்லை. அவன் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தான். போனை எடுத்து ஊமையைக் கலைத்தான்.

"அடிங்கக்கா. இன்னைக்கு மாட்டிப்பான் பாருங்க."

பத்தாவது முறை. அவள் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

எதிரே அவன் போன் பாட ஆரம்பித்தது. திரையைப் பார்த்து முகம் சுளித்தான்.

"இந்த நம்பரா! தினம் காலையில ஒரு மிஸ்டு கால். லோன் வேணுமான்னு கேக்கற கூட்டம். இருங்க, ரெண்டு வார்த்தை சூடா குடுத்துட்டு வர்றேன்." காதில் வைத்தான். "ஹலோ, எனக்கு எதுவும் வேணாம். ஆளை விடுங்க!"

அந்தக் குரல் அவளுடைய இரண்டு காதுகளிலும் கேட்டது.

சோற்றை வாய்க்குக் கொண்டுபோன அவன் கை பாதியில் நின்றது. அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"நிதானமா சாப்பிட்டுட்டுக் கையை நீட்டு தம்பி. உனக்கு ரத்தம் எடுக்கப் போறது நான்."