ஐந்தும் ஒரே ஓட்டையில்

மாலை போட்ட சட்டத்தின் நடுவில், சரியாக நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில், குண்டு துளைத்த ஓட்டை. கொத்துறொட்டி வாங்க வந்தவர் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஆர் மோசம் போனது?" என்று கடைக்காரர் சிவமணியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஒருவரும் சாகவில்லை, அது இராஜதுரை அண்ணை சுட்ட இலக்குக் கடதாசி என்று சிவமணி விளக்கினார். பாரிசின் லாச்சப்பலில் உள்ள இந்தச் சாப்பாட்டுக் கடையில் அன்று அதற்குத்தான் விருந்து. சட்டத்தில் இருந்த சந்தனப் பொட்டையும் அவர்தான் வைத்தாரோ என்று வந்தவர் கேட்கவில்லை. கொத்துறொட்டியை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

இராஜதுரை கிழமை நாட்களில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிறுகளில், புறநகரான பொண்டிக்கு அப்பாலுள்ள துவக்குச் சுடும் கழகத்தில், விஞ்ஞானி. கடையில் விற்கும் தோட்டா எதுவும் அவர் தரத்துக்கு எட்டவில்லை. ஆகவே தோட்டாவின் பித்தளைக் கோது ஒன்றின் கழுத்தை ஒடுக்கி, வழக்கத்தைவிடச் சின்னக் குண்டை அதற்குள் இருத்தி, அதற்கென்றே ஒரு துவக்குக் குழலையும் கடைய வைத்தார். உலகத்தில் வேறெந்தத் துவக்குக்குள்ளும் போகாத அந்தத் தோட்டாவுக்குத் 'துரை ஸ்பெஷல்' என்று பெயர் சூட்டியவரும் அவரே.

கடதாசி இலக்குக்கும் ஆகும், கோழி பிடிக்கும் நரிக்கும் வயலை நாசமாக்கும் காகத்துக்கும் ஆகும் என்றார்.

"எங்கடை பல்கனிப் புறாவே இவருக்குப் பயப்பிடுறேல்லை," என்றார் மனைவி கோசலை, வடையைப் பிய்த்தபடி.

போன ஞாயிறு துரை ஸ்பெஷலுக்குப் பரீட்சை நடந்தது. ஐந்து வெடி. கடதாசியில் ஒரே ஒரு ஓட்டை, அதுவும் நடு வட்டத்தில். ஐந்து குண்டும் ஒன்றின் பின் ஒன்றாக அதே வழியால் போயிருக்கின்றன என்று கழகமே எழுந்து கை தட்டியது. சின்னக் குண்டுக்கு ஓட்டை கொஞ்சம் பெரிசாக இருக்கிறதே என்று யாரோ இழுத்தார்கள். "ஐஞ்சு பேர் ஒரு வாசலாலை போனால் நிலை தேயும்தானே," என்று இராஜதுரை முடித்து வைத்தார்.

அன்று பக்கத்து இடத்தில் படுத்துச் சுட்டவன் மடுத்தீன். மன்னார்க்காரன், மளிகைக் கடையில் வேலை, கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டா. வெடிக்கும் வெடிக்கும் இடையில் இராஜதுரை அவனுடைய காதுமூடியைத் தூக்கித் தூக்கி, கோதின் கழுத்து எந்தச் சரிவில் இறங்கவேண்டும் என்று விரிவுரை நடத்தினார். கடைசியில் மடுத்தீனின் கடதாசியில் நாலு ஓட்டைதான் இருந்தன. ஐந்தாவது எங்கே போனதென்று கழகத்தில் இன்னமும் அவனைக் கேலி செய்கிறார்கள்.

இப்போது அவன் முன்னால் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பாரிசுக்கு வந்த புதிதில் தன் அறையில் படுக்க இடம் தந்து, வதிவிடப் பேப்பர்ஸ் எடுக்கப் பிரிபெக்தூர் அலுவலக வாசலில் குளிரில் கூட நின்றவர் இராஜதுரை. அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, சட்டத்தைப் பார்க்கவும் முடியவில்லை. மடுத்தீன் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இராஜதுரை எழுந்தார். தமிழருக்கும் பௌதிகத்துக்கும் உள்ள தொடர்பை நீளமாக விளக்கிவிட்டு, நாளைக் காலை அலுவலகத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போவதாகவும், இனித் துரை ஸ்பெஷலைச் செய்து விற்பதே தன் தொழில் என்றும் அறிவித்தார். கை தட்டினார்கள். கோசலையின் கையில் வடை அப்படியே நின்றது. பொண்டி வீடும் பிள்ளைகளின் படிப்பும் அந்த எழுத்தர் வேலையில்தான் ஓடுகின்றன.

மடுத்தீன் கை கழுவப் போனான். பின்னாலேயே வந்த இராஜதுரை அவனைச் சட்டம் மாட்டியிருந்த மூலையில் மறித்தார்.

"ஏனடா சாப்பிடேல்லை?"

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். அந்த ஓட்டை..."

இராஜதுரை சட்டென்று திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவருடைய தோள் இரண்டும் இறங்கின.

"எனக்குத் தெரியுமடா," என்றார். "நாலு குண்டு மண்மேட்டுக்குள்ளை போயிட்டுது. ஐஞ்சும் ஒண்டுக்குள்ளாலையோ எண்டு அவங்கள் கேட்டாங்கள். நான் இல்லையெண்டு சொல்லேல்லை, அவ்வளவுதான். றூ பஜோல் கோயிலிலை பிள்ளையாருக்கு முன்னாலை ஐயர் இந்தக் கடதாசியைத் தட்டிலை வைச்சு அருச்சனை செய்யேக்கை நெஞ்சு இடிச்சுது. அண்டையிலிருந்து நித்திரை இல்லை."

இத்தனை வருடத்தில் அந்த மனிதர் தன்னைக் குறைத்து ஒரு சொல் சொல்லி மடுத்தீன் கேட்டதில்லை. இதற்கு மேலும் அவரிடம் எதைச் சொல்வது? தூரத்தில் கோசலை, கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு, கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இராஜதுரை மாலையை ஒதுக்கி, கண்ணாடிக்கு மேலாக ஓட்டையை விரலால் தடவினார். தோள் மெல்ல மெல்ல பழையபடி நிமிர்ந்தது.

"நாலு போனால் போகட்டும். இந்த ஒண்டு பொய்யில்லையே. நடு வட்டத்திலை விழுந்திருக்கு. ஒண்டு பட்டால் மற்றதையும் படப்பண்ணலாம். இந்த ஒண்டை நம்பித்தானடா நாளைக்கு வேலையை விடுறன்."

மடுத்தீன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

"அண்ணை, அந்த ஒண்டு நான் சுட்டது."