வாரம் ஒரு தடவை போதாது

வாளித் தண்ணீருக்குள் தலையணை உறையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் தங்கை. தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது.

"என்னம்மா இது?"

குளியலறை வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தவன், சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப் பார்த்திருந்தான்.

"புதுத் துணிண்ணா, சாயம் போகுது."

"வெள்ளைத் துணியில எங்கடி சாயம்?"

அவள் உறையைப் புரட்டி மறுபடி அமுக்கினாள். பின்கட்டுக் கொடியில் இரண்டு படுக்கை விரிப்புகளும் நாலைந்து துண்டுகளும் சொட்டச் சொட்டத் தொங்கின. போன தடவை வந்தபோதும் கொடி இப்படித்தான் நிரம்பி வழிந்தது. அப்போது அவன் கேலி பேசிவிட்டுப் போனான்; இப்போது சிரிப்பு வரவில்லை.

"நம்ம வீட்டுல பெட்ஷீட்டு வாரம் ஒரு தடவைதானே துவைப்போம்? துண்டு மிஞ்சிப் போனா ரெண்டு தடவை. இங்க என்ன, நாள் தவறாம துவைக்கிற?"

"வாரம் ஒரு தடவைன்னு விட்டு வைக்க முடியுமா? ரத்தம் காய்ஞ்சா கறை போகாதுண்ணா." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான். விரல் முட்டிகள் தோலுரிந்து வீங்கியிருந்தன.

"சோப்பு ஒத்துக்கல," என்று கையை இழுத்துக்கொண்டாள்.

எந்தச் சோப்பு இப்படி முட்டியை உரிக்கும்? இவள் புருஷன்தான் கையை முறுக்கிச் சுவரில் தேய்த்திருக்கிறான், பாவி. புடவைக்குள் இன்னும் என்னென்ன காயமோ, கூடப்பிறந்தவனிடம் காட்டவா முடியும்? அலமாரியில் பஞ்சும் டிங்சர் பாட்டிலும் இருந்தன. மாப்பிள்ளைக்கு மருந்துக்கடையில் வேலை. அடிக்கிறதும் அவனே, மருந்து கொண்டு வருகிறதும் அவனே!

பெற்றவர்கள் போன பிறகு, லாரி டயர் கழற்றிச் சம்பாதித்து அவளை வளர்த்தவன் அவன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று ஊரே சொன்ன வரனைத் தேடிப் பிடித்துக் கட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். நீ கிளம்புண்ணா, அவர் சாப்பிட வர்ற நேரம்."

"வரட்டும். அதுக்குத்தான் நிக்கிறேன்."

வெயிலில் நடந்து வந்த மாப்பிள்ளை, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார். "வாங்க மச்சான், எப்ப வந்தீங்க?" என்று ஆரம்பித்தவரின் சிரிப்பு, மச்சான் கையிலிருந்த தலையணை உறையைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

மாப்பிள்ளை பதில் சொல்வதற்கு முன் மனைவியைப் பார்த்தார். அவள் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல மச்சான். நாங்க பேசித் தீர்த்துக்கறோம்."

"பேசியா தீர்க்கிற? பேசினா ரத்தம் வருமாடா?"

முதல் குத்து வயிற்றில் விழுந்தது. மாப்பிள்ளை மடங்கி விழுந்ததில் நாற்காலி சரிந்தது, மேஜை மேலிருந்த தட்டு சிதறியது. சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு அறைந்தான். விலாவில் ஒன்று, தோளில் ஒன்று, மறுபடியும் விலாவில். இறுகிக்கிடக்கும் லாரிச் சக்கரத்தையே உலுக்கி எடுக்கிற கை அது. எங்கோ எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை திருப்பி ஒரு கை ஓங்கவில்லை. ஐயோ என்றுகூடக் கத்தவில்லை. தரையில் சரிந்து, முழங்காலை மடக்கி, தலையை இரண்டு கைகளுக்குள் புதைத்துக்கொண்டார்.

"பொம்பளைகிட்டதான் உன் வீரமெல்லாமா? எழுந்திருடா! என்னை அடி பார்ப்போம்!"

இடுப்பில் உதைத்தான். சிதறிய பீங்கான் குத்தி மாப்பிள்ளையின் முழங்கையிலிருந்து ரத்தம் தரையில் கோடு இழுத்தது. அப்போதும் ஆத்திரம் தீரவில்லை. காலரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, முகத்துக்கு நேரே முஷ்டியை ஓங்கினான்.

அதுவரை கதவோரம் நின்ற தங்கை ஓடிவந்து, ஓங்கிய கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"விடும்மா! இவ்வளவுக்கு அப்புறமும் புருஷன்னு பரிதாபமா? இன்னைக்கு இவன் மூஞ்சியைப் பேத்துட்டுத்தான் போவேன்!"

அவள் கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. கறை போக்கப் பக்குவம் சொல்கிறவளைப் போல, நிதானமாகச் சொன்னாள்.

"மூஞ்சி வேண்டாம்ண்ணா, வெளிய தெரிஞ்சிடும். நான் ஒருநாளும் அங்க அடிக்கிறதில்ல."