மாமனார் வண்டியின் சைடு கவர்

வெந்நீர் ஊற்றியதும் வீக்கம் வற்றியது உண்மைதான். ஆனால் அது மறுபக்கமாகப் போய் வீங்கிக்கொண்டது.

பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடந்தது மாமனாருடைய ஸ்கூட்டரின் சைடு கவர். காலையில் வண்டியை ஒரு பேக்கரியின் புகைப்போக்கியை ஒட்டி நிறுத்திவிட்டேன். பத்தே நிமிடம். திரும்பி வந்தால் பிளாஸ்டிக் இளகி, வாயைக் கோணிக்கொண்டு நிற்கிறது.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சாவியைக் கொடுத்திருந்தார்.

"பதினோரு வருஷமா இதுல ஒரு கீறல் கிடையாது மாப்பிள்ளை. ஏன்னா, நான் யாரையும் தொடவிட்டதில்ல."

வண்டியைத் துடைக்கும் பக்குவத்தில் அவர் பெற்ற பெண்ணைக்கூடக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்.

இப்போது சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். சரியாக ஒரு மணி நேரத் தூக்கம். எழுந்ததும் நேராக வண்டியிடம்தான் போவார். அதோடு இந்த வீட்டில் என் மரியாதை காலி.

உள்ளறையில் குறட்டை நின்றது. எனக்கு உயிரே நின்றது. பிறகு குறட்டை வேறு சுருதியில் ஆரம்பித்தது.

ஆபீசிலிருந்த மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் முழுக்கச் சிரித்தாள். வைத்துவிட்டேன்.

அடுத்த பானை வெந்நீரை ஊற்றி, கவரைத் தரையில் போட்டு, முழங்காலால் அழுத்தினேன். முழங்கால் வெந்ததுதான் மிச்சம்.

நிமிர்ந்தால், எதிரே மாமியார்.

காலில் விழுந்துவிடலாமா என்று பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

மாமியார் கவரை ஒரு பார்வை பார்த்தார். ஹேர் டிரையரை எடுத்துவந்தார். சத்தத்துக்கு மாமனார் எழுந்துவிடுவாரே என்று நான் நடுங்குவதற்குள், சமையலறைக் கதவைக் காலாலேயே சாத்தினார். கவரின் உட்பக்கமாக, வளைந்த இடத்துக்கு மட்டும், கையை ஆட்டி ஆட்டிச் சூடு காட்டினார். காய் நறுக்கும் பலகையில் கவிழ்த்து, ஈரத்துண்டைப் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி நாற்பதுவரை எண்ணினார். குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு.

கவர் புதுசு போல நிமிர்ந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். குனிந்துகூடப் பார்க்காமல் மூன்று ஸ்க்ரூவையும் முடுக்கினார். நான் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போய் நின்றேன்.

"எப்படி அத்தை உங்களுக்கு இதெல்லாம்..."

கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

"அவர் தூங்கற நேரம் வண்டி எனக்கு. இன்னிக்கு உங்களால இருபது நிமிஷம் வீணாப்போச்சு மாப்பிள்ளை."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டார்ட் செய்யாமலே, வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு ஓடினார்.