சால்வை மரியாதை

கல் அரைக்கும் ஆலையின் ஜீப்பைக் கண்டதும் பெரியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே மேனேஜர் சால்வையும் மாலையுமாக நின்றார். கூடவே போட்டோக்காரர்.

"திறம்மா! உன் வூட்டுக்காரர் இனி வேலைக்கு வர வேண்டாம், ஓய்வெடுக்கட்டும்னு கம்பெனி டாக்டர் சொல்லிட்டாரு. மரியாதை செஞ்சு அனுப்ப வந்திருக்கோம்."

"வேணாங்க! அவருக்கு வெறும் இருமல்தாங்க. நாளைக்கே வேலைக்கு வந்துருவாருங்க."

"ஊரே பாக்குது. கம்பெனி கௌரவம்மா இது!"

"பக்கத்து வூட்டு அர்ச்சுனன் அண்ணனுக்கும் இப்படித்தானே போட்டீங்க? மாலை வாடறதுக்குள்ள பொணமா எடுத்தோமுங்களே!"

கதவைத் திறந்தது அவள் புருஷன் சென்றாயன்தான். நெஞ்சைப் பிடித்தபடி மாலைக்குத் தலை குனிந்தான்.

1972ஆம் வருட ஆலை ஆண்டு விழாவில் முதலாளி பெருமையோடு அறிக்கை வாசித்தார்:

"இந்த வருஷமும் நம் ஆலையில் வேலையிலிருக்கும் தொழிலாளி ஒருவர்கூட நோயால் இறக்கவில்லை."