பதினான்கு சொற்கள்

டீச்சர் மூச்சு விடாமல் பேசி முடித்தார். மகள் அம்மாவின் பக்கம் திரும்பி, "நல்லா படிக்கிறேனாம்மா" என்றாள்.

அவ்வளவுதானா?

அத்தனை நீளப் பேச்சு எப்படி இரண்டே சொல்லில் அடங்கும்?

இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். இரண்டாம் வகுப்பு மகளுக்கு டீச்சர் பேசும் இந்த ஊர் மொழி தண்ணீர் பட்ட பாடு. பொம்மையைக்கூட இதில்தான் திட்டுகிறாள்.

அம்மாவுக்கு வந்தவை மொத்தம் பதினான்கு சொற்கள். எல்லாம் ஹோட்டல் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கி வாங்கிக் கற்றவை.

சந்தேகம் இன்று வந்ததல்ல. ஒரு மாதமாகவே மகளின் வெள்ளைச் சட்டை, காலையில் போனதைவிட வெளுப்பாக வீடு திரும்புகிறது. முதுகுப்பக்கம் ஈரம். வீட்டில் இல்லாத சோப்பின் வாசனை. கேட்டால், தண்ணீர் குடிக்கும்போது சிந்திவிட்டதாம்.

முதுகிலா? நாள் முழுக்கத் துணியோடு மல்லுக்கட்டுகிறவளிடமா இந்தப் பருப்பு வேகும்?

வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் குழாயடியில் ஆட்டம் போடுகிறாள், டீச்சர் கூப்பிட்டனுப்பியதும் அதற்குத்தான் என்று முடிவுகட்டிக்கொண்டே அம்மா வந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் முதுகில் நாலு வைப்பதாகவும் உத்தேசம்.

டீச்சருக்கும் என்னவோ உறுத்தியிருக்க வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்து மறுபடியும் பேசினார், இந்த முறை நிறுத்தி நிதானமாக.

ஒரு சொல் அம்மாவின் காதில் பிடிபட்டது.

மை.

அப்புறம், கறை. பின்பக்கம். துவைப்பது. தினமும்.

ஐந்தும் அவளுடைய பதினான்கில் இருந்தவை.

"டிராயிங்லகூட நான்தான் முதலாம்மா" என்றாள் மகள், அவசரமாக.

அம்மா அவளைத் திருப்பி நிறுத்தினாள். சட்டை முதுகில் ஈரம். ஈரத்துக்கு நடுவே பாதி போயும் போகாத நீலம், யாரோ பேனாவை உதறி உதறித் தெளித்த மாதிரி. தேய்த்த தேய்ப்பில் நூல் பிரிந்திருந்தது. கழற்றி, தானே துவைத்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டிருக்கிறாள் குழந்தை.



துணி வீணாகிற நாளில் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சூப்பர்வைசர் கத்தும் வாக்கியம் ஒன்று உண்டு. இதுவரை அதற்கு அவள் தலை குனிந்து நின்றதோடு சரி.

இன்று மகளின் முதுகை டீச்சருக்குக் காட்டியபடி, நிமிர்ந்து, அதே குரலில், ஓர் எழுத்துப் பிசகாமல் அதைச் சொன்னாள்.

"யார் செஞ்ச வேலை இது?"