காற்றின் பலவீனம்

டப்பிங் அறைக்குள் நுழைந்ததும் சூறாவளி அண்ணன் முதல் வேலையாக ஏசியை அணைத்தார்.

அந்த சுவிட்சை வேறு யாரும் தொடக் கூடாது. எறும்பு நடந்தாலே பிடித்துவிடும் மைக்குக்கு ஏசி ஓடுவது கேட்காதா என்று, புதிதாக வருகிறவர்களை வறுத்தெடுத்துவிடுவார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அண்ணனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. நிஞ்ஜா கார்ட்டூன் தொடரில் காற்று நிஞ்ஜாவுக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அதை யாரும் சொல்வதில்லை. அவருக்கும் அதில் வருத்தமில்லை.

டீ வந்துவிட்டால் போதும், காற்று வித்தையின் பெருமையை அளக்கத் தொடங்கிவிடுவார். மின்னலையே வெட்டுவது காற்று. கண்ணில் படாமல் வந்து எதிரியின் கழுத்தில் நிற்பது காற்று. நெருப்பு நிஞ்ஜாவிடம் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். அணைக்கலாம் என்று ஊதினால் இன்னும் பெரிதாக எரியும்.

ஆனால் காற்றின் உண்மையான பலவீனம் நெருப்பு இல்லை என்பது அவர் கட்சி.

"நெருப்பு அணைஞ்சா கரியாவது மிஞ்சும். தண்ணி ஓடாம நின்னா குளம்னு சொல்றோம். காத்து நின்னுட்டா அதுக்கு என்னடா பேரு?"

புழுக்கம் என்பார், நெருப்பு நிஞ்ஜாவுக்குப் பேசுகிறவர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார்.

இன்று சிரிக்க ஆளில்லை. வெளியே சோபாவில் அண்ணி மட்டும், ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையிலேயே ஒலிப்பதிவாளனை ஓரமாக அழைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். தொண்டையில் வளர்ந்திருப்பது சாதாரணக் கட்டி இல்லை. குரல்வளையை எடுத்துவிட்டால் பேச்சு போகும், ஆள் பிழைப்பார். விட்டுவைத்தால் இரண்டும் போகும். சாயங்காலம் டாக்டரிடம் முடிவைச் சொல்ல வேண்டும்.

மனிதர் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாராம். வீட்டில் கரகரத்தாலும் மைக் முன்னால் நின்றால் பழைய குரல் வந்துவிடுகிறது, வேண்டுமானால் ஸ்டுடியோவில் வந்து கேள் என்கிறாராம். தம்பி, நீ சொன்னால்தான் கேட்பார், குரல் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார் அண்ணி.

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

திரையில் காட்சி ஓடியது. நெருப்பு நிஞ்ஜா மூட்டிய தீக்குள் காற்று நிஞ்ஜாவின் தம்பி சிக்கியிருக்கிறான். அண்ணன்காரன் மூச்சை இழுத்து, வித்தையின் பெயரைச் சொல்லி ஓங்கிக் கத்த வேண்டும்.

சூறாவளி அண்ணன் கையை உயர்த்தினார். கழுத்து நரம்புகள் புடைத்தன. உடம்பு வில்லாக வளைந்தது. படத்தில் வாய் மூடும்வரை அவர் வாயும் திறந்தே இருந்தது.

ஒலிப்பதிவாளன் வழக்கம்போல ஒரு நிமிடம் அவகாசம் கேட்டான். சுத்தம் செய்துவிட்டுப் போட்டுக் காட்டுவதாகச் சொன்னான்.

பிறகு போட்டான்.

"சூறைவாள்" என்ற அலறலில் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே அண்ணி நிமிர்ந்து பார்த்துவிட்டு மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தக் குரலையா வெட்டச் சொல்றாங்க?" என்றார் அண்ணன். பாதி எழுத்துகள்தான் மைக்கில் வந்து சேர்ந்தன.

அது இந்தக் குரல் இல்லை.

பழைய பாகங்களிலிருந்து பொறுக்கியெடுத்து அவன் ஒட்டிய குரல். முதலில் ஒரு வார்த்தைதான் ஒட்டினான். சளியாக இருக்கும், அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று நினைத்தான். பிறகு கம்பெனிக்காரர்கள் வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அவனுக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒட்டினான். அண்ணனின் வேலை தப்பித்தது, ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தள்ளிக்கொண்டே போனது. அணைக்கத்தான் ஊதினான்.

இப்போது சொல்லியாக வேண்டும்.

சற்றுமுன் எடுத்த டேக்கை, ஒட்டு எதுவும் போடாமல், அப்படியே ஓடவிட்டான்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. படத்தில் வாய் மூடும்வரை அதுதான் ஓடியது.

அவனுக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் அசையாமல் நின்றார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, வயரைப் பொறுமையாகச் சுற்றி, கொக்கியில் மாட்டினார்.

"ஏசி சத்தம் ஏறியிருக்குடா. அதை அழிச்சிரு."

வெளியே போய் அண்ணியின் மடியிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். என் குரலைக் கேட்டியா என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டுப் படியிறங்கினார். அண்ணி பின்னாலேயே எழுந்தார். போகிற போக்கில் கதவுக் கண்ணாடி வழியாக இவனை ஒரு பார்வை பார்த்தார். சொன்னாயா என்று கேட்கிற பார்வை.

இவன் ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை.

விளக்கை அணைக்க டப்பிங் அறைக்குள் போனான். உள்ளே ஒரே புழுக்கம். மைக்குக்குக் கீழே வசனத்தாள் வியர்வையில் நனைந்து கிடந்தது.

ஏசி சுவிட்ச், அண்ணன் அணைத்துவைத்தபடியே இருந்தது.